முதுகு தெரியும் காட்சி

தம்பி,

வருகிற வியாழக்கிழமை நீ திருச்சியில் விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்னால் இது உன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, நான் இத்தனை காலம் செய்தி எழுதிய பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன மாதம் பாதிப் பேச்சில் வைத்தவன் இந்த முறையும் வைத்துவிடுவாய். தபாலில் அனுப்பியிருந்தால் அது நம் இருவரோடு முடிந்திருக்கும். அது போதாது. உன்னைப் பற்றி ஒரு கல்யாண வீட்டில் பலர் கேட்க நான் சொன்ன ஒரு செய்தி தவறு. பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு: தவறு எத்தனை பேர் பார்க்கும் இடத்தில் வந்ததோ, அத்தனை பேர் பார்க்கும் இடத்தில்தான் திருத்தமும் வர வேண்டும். யாரையும் நம்பாதவள் என்று என்னைச் சொல்வார்கள். திருத்தம் போடாதவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

போனில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், வாசிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். "அம்மா, டோக்கியோவுல வேலை கெடச்சிருக்கு. படங்களுக்குத் தமிழ் வசனம் எழுத அங்கேயே வரச் சொல்றாங்க" என்றாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் கேட்டேன்: "இருக்குற ஆளுகள்ல ஒன்னைய எதுக்கு எடுத்தாங்க?" நீ, "நான் எழுதுன படத்தை இன்னும் பாக்கலையாம்மா?" என்றாய். இல்லை என்றேன். "நம்ம ஊருக்கே வந்திருக்கு. போய்ப் பாத்துட்டுப் பேசு" என்று வைத்துவிட்டாய்.

அந்தக் கேள்வியை நான் உன்னிடம் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆவூர்ப் பக்கத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குச் செவன்ஸ் கால்பந்து ஆட்டம் நடந்தது. அணிக்கு ஏழு பேர், உள்ளூர்ப் பையன்கள் மட்டும்தான் ஆட வேண்டும் என்பது விதி. விதி எப்படியோ, வெளியூரிலிருந்து நன்றாக ஆடுகிறவனைக் கூட்டிவந்து உள்ளூர்க்காரர் ஒருவருடைய மகன் என்று பெயர் கொடுத்து இறக்கிவிடுவது வழக்கம். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். இறுதி ஆட்டத்தில் நீ ஆடினாய்; எதிர் அணியில் ஒருவன் புல்லைத் தொடாமல் ஓடினான். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவனிடம், "தம்பி, ஒங்க அப்பா பேரென்ன?" என்று கேட்டேன். அவன் தன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன், "சவரிமுத்து மகன்க்கா" என்றான். "எந்தச் சவரிமுத்து? மேலத்தெரு சவரிமுத்துக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைகளாச்சே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு ஆட்டம் நின்றது. பாதி ஆட்டத்திலேயே கோப்பை உங்கள் அணிக்குப் போனது. உங்கள் கேப்டன் கோப்பையை வாங்கிக்கொண்டே, "ஒங்கம்மாவ யார்றா வரச் சொன்னது" என்று உன்னிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் கோப்பையை உன் பங்குக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். நீ கட்டிலுக்கு அடியில் வைத்தாய். உங்கள் அணியிலும் ஒரு வெளியூர்க்காரன் ஆடினான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவனிடம் நான் அப்பா பேர் கேட்கவில்லை.

திருவிழாக் கொடி இறக்கிய கையோடு வெள்ளைக் காரில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டிராக் சூட், கழுத்தில் விசில். வடக்கே வேறு மாநிலத்தில் ஒரு கால்பந்து அகாடமி நடத்துவதாகவும், இந்த மாவட்டத்திலிருந்து ஒரே ஒருவனை எடுப்பதாகவும், அந்த ஒருவன் நீதான் என்றும் சொன்னார். "பையனோட இடது கால் இருக்கே, அது கடவுள் கொடுத்தது மேடம்" என்றார். நீ இடது ஓரத்தில் ஆடினாய், உண்மை. ஆனால் நீ அடித்தது எல்லாம் வலது காலால். உன் அப்பா காபி போடப் போனார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவர் மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பியதும், நான் உன்னைக் கூப்பிட்டு, "ஆட்டமே பாதிதான் நடந்துச்சு. அதுலயும் நீ பந்தத் தொட்டது கொஞ்ச நேரம். இருக்குற பயலுகள்ல ஒன்னைய எதுக்கு எடுத்தாங்க?" என்று கேட்டேன். நீ ஷூவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் குழாயடிக்குப் போய்த் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாய். நான் கூடத்தில் நின்று, அந்த அகாடமி இருப்பதாகச் சொன்ன ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் நிருபருக்குப் போன் போட்டேன். உனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் இருந்தது.

அந்த நிருபர் மறுநாள் காலையிலேயே அந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்துச் சொன்னார். அங்கே லாரி நிறுத்தும் கொட்டகை இருந்தது. சாயங்காலம் அந்த மனிதர் வந்தபோது நான் கொட்டகையைப் பற்றிக் கேட்டேன். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. திருவரங்குளத்திலும் கீரமங்கலத்திலும் விசாரித்ததில் பல வீடுகளில் இதே "ஒரே ஒருவன்" கதையைச் சொல்லியிருந்தார். எல்லாம் அப்பாவோ அம்மாவோ மாதச் சம்பளம் வாங்குகிற, சேர்க்கைப் பணம் கேட்டால் கொடுக்கக்கூடிய வீடுகள். செய்தி எழுதினேன், பையன்கள் பெயர் இல்லாமல். விசாரித்ததற்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ திருவிழா ஆட்டத்துக்குப் போகவில்லை. படக்கதை வாசிக்க ஆரம்பித்தாய்.

அந்தப் படக்கதை மீதும் எனக்குச் சந்தேகம்தான். ஜப்பானில் கடலோரச் சிற்றூர் ஒன்றில், வலது கால் பழக்கமுள்ள ஒரு பையனை இடது ஓரத்தில் ஆட விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதற்கு இத்தனை புத்தகங்கள். எட்டிப் பார்த்தபோதெல்லாம் கண்கள் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தன. ஒருவன் பந்தை உதைத்தால், அது வலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய பால்யம் முழுவதும் வந்து போனது. ஆட்டத்தை நேரில் பார்த்து எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், பந்து அவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்காது. பள்ளி முடிந்தும் வாசித்தாய், கல்லூரி முடிந்தும் வாசித்தாய். சென்னைக்குப் போய், வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலையில் சேர்ந்தாய். கடைசியில் அந்தக் கதையையே ஜப்பானில் அனிமேஷன் திரைப்படமாக எடுக்க, அதற்குத் தமிழ் எழுதும் வாய்ப்பு உனக்கே வந்தது. இப்படி வந்து பொருந்துகிற விஷயம் எதையும் நான் சும்மா விட்டதில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டில் உட்கார்ந்து உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். "வாய் தெரியுற எடத்துலதாம்மா பாடு. அவங்க எவ்வளவு நேரம் வாயசைக்கிறாங்களோ அவ்வளவுதான் நம்ம வசனம். ஒதடு மூடுற எடத்துல மூடணும். ஆனா ஆளு முதுகக் காட்டிக்கிட்டு நின்னா நீளமே பாக்க வேணாம். டைரக்டர் மட்டும் சரின்னுட்டா போதும்." உன் அப்பா, "அப்ப முதுகு தெரிஞ்சா எவனும் எதையும் பேசுனதா எழுதிறலாமா? நம்ம அரசியல் மாதிரியில்ல இருக்கு" என்றார். நீ சிரித்தாய். நான் வழக்கம்போல அதை ஒரு குறிப்பாக மனதில் போட்டு வைத்தேன். எதற்கு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

நீ போனை வைத்த அந்த வாரமே, அப்பாவும் நானும் புதுக்கோட்டையில் சாயங்காலக் காட்சிக்குப் போனோம். அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது, பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். படம் தொடங்கி ஒரு ஜப்பானிய மீனவர் கரையிலிருந்து பையனைப் பார்த்து, "அங்கிட்டு ஓடுறா, அங்கிட்டு" என்று கத்தியதும் விசில் பறந்தது. அந்தச் சிற்றூர்க்காரர்கள் எல்லோரையும் நம் பக்கத்துப் பேச்சில் பேச விட்டிருந்தாய். டோக்கியோக்காரர்கள் சென்னை மாதிரிப் பேசினார்கள். நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அந்தக் காட்சி வந்தது. பையனின் அம்மா மீன் கூடத்தில் கணவாய் மீன் அறுக்கிறவள். பையன் ஓடிவந்து, டோக்கியோவில் ஒரு பெரிய பள்ளி தன்னை அணிக்கு எடுத்துவிட்டதாகச் சொல்கிறான். அவள் நிமிர்கிறாள். முகம் திரை முழுக்க வருகிறது. "இருக்குற பயலுகள்ல ஒன்னைய எதுக்கு எடுத்தாங்க?" என்கிறாள்.

அரங்கம் அதிர்ந்தது. முன் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை அடித்து, "டேய், எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிப் பேச வச்சிருக்காய்ங்கடா" என்றான். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவே நிற்பதுபோல இருந்தது, மேலத்தெரு சவரிமுத்து பெயரைச் சொன்ன அன்று அந்த வெளியூர்ப் பையன் நின்றானே, அப்படி. வெளியே வரும்போது அப்பா, "சிரிப்புல ஒன்னு காதுல விழுகல. அந்தம்மா திரும்பிக்கிட்டு அப்புறம் என்னமோ சொல்லுச்சே" என்றார். "என்னத்தச் சொல்லியிருப்பா, இன்னொரு கேள்வி கேட்டிருப்பா" என்றேன்.

உன்னைக் கூப்பிடவில்லை. நீ என்னைப் படம் பார்க்க அனுப்பியது இதற்குத்தான் என்று முடிவு கட்டினேன். அம்மா கேட்ட கேள்வியை அம்மாவையே கேட்க வைத்து ஊர் சிரிக்க விட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு உன் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் யாரோ உன் படத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். நான், "என்ன பெருமை, பெத்தவளப் படத்துல போட்டுக் கேலி பண்ணிட்டான்" என்றேன். ஒருத்தியிடம் சொன்னது பந்தி முழுக்கப் போயிற்று. உன் சின்னம்மா ஈரக் கையோடு வந்து, "ஏன்க்கா, அவன் என்ன கற்பனையா எழுதிட்டான்? நீ பேசுறதத்தானே எழுதியிருக்கான்" என்றாள். அங்கேயும் சிரித்தார்கள். நான் திருத்த வந்த தவறு இதுதான்: பெற்றவளைக் கேலி செய்தான் என்பது.

அன்று அது தவறு என்று எனக்குத் தெரியாது. சரி என்று நிரூபிக்கத்தான் கிளம்பினேன். மூலக் கதையில் அந்தக் கேள்வி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால், உன்னிடம் கையில் ஆதாரத்தோடு பேசலாம். நீ விட்டுப் போன ஆங்கிலப் புத்தகங்கள் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தன. ஒன்றின் நடுவில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் மத்தியானத் தூக்கம் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறார். நான் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, 'நிறுத்துங்கள், நீங்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். யாராவது என்னிடம் அப்படிச் சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது சொன்னவரைத்தான். இருந்தாலும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தேன். மீன் கூடத்துக் காட்சியைத் தேடி எடுத்தேன்.

கேள்வி இருந்தது, தம்பி. 'அத்தனை பையன்களில் உன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?' என்று ஆங்கிலத்தில், அந்த அம்மாவின் வாய்க்கு நேராக. நீ எழுதியது மொழிபெயர்ப்புதான். கடலுக்கு அந்தப் பக்கம், நான் கண்டிராத ஓர் ஊரில், கணவாய் அறுக்கிறவளும் தன் மகனிடம் அதையேதான் கேட்கிறாள். ஆதாரம் கையை விட்டுப் போனது. ஆனாலும் நான் விடவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் முதலில் முதுகைக் காட்டி நிற்கிறாள், அடுத்த படக் கட்டத்தில் பையன் தலை குனிந்து நிற்கிறான், பிறகு அவள் நிமிர்ந்து கேட்கிறாள். படத்தில் கேள்வி முதலில் வந்து முதுகு பிறகு வந்தது. அப்படியானால் வரிசை மாறியிருக்கிறது. ஏன் மாற்றினார்கள்? புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

அவர் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட்டரம்மா, பொஸ்தகத்தத் திருப்பிட்டீங்க, கண்ணத் திருப்பலையே. ஜப்பான் படக்கதையில கட்டத்தையும் வலது பக்கமிருந்துதான் பாக்கணும்" என்றார்.

"இத நீங்க மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க பாக்குறீங்கன்னே எனக்குத் தெரியாதே. என் கண்ணாடிய வேற தூக்கிட்டுப் போயிட்டீங்க." பிறகு விரலை வலமிருந்து இடமாக வைத்துக்கொண்டே போனார். "இங்க கேக்குறா. பய என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறான். அப்பறம் இவ திரும்பிக்கிறா. அவ்வளவுதான், பக்கம் முடிஞ்சுபோச்சு."

கடைசிக் கட்டம் பெரிதாக இருந்தது. கத்தி, பலகை, அவள் முதுகு, தோளில் ஒரு ஈரத் துண்டு. எழுத்து எதுவும் இல்லை. வசனம் போடும் வெள்ளை வட்டமே இல்லை.

"இதுல அவ ஒன்னும் பேசலையே" என்றேன்.

"பேசலைதான்."

"படத்துல ஏதோ பேசுனான்னு சொன்னீங்க."

"பேசுனா. சிரிப்புல கேக்கல."

பொங்கலன்று நீ சொன்ன குறிப்பு அப்போது வந்து உட்கார்ந்தது. வாய் தெரியாத இடம். நீளம் பார்க்க வேண்டாத இடம். மூலக் கதையில் பேசாத ஓர் அம்மாவை நீ ஏதோ பேச வைத்திருக்கிறாய். கேள்வியை விட்டுவிட்டேன், அது ஜப்பான்காரருடையது. இந்த வசனம்தான் உன்னுடையது. என்ன எழுதினாய்? முன்னால் சொன்னதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நல்லதாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. என் தொழில் எனக்குச் செய்த கெடுதல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மறைத்து வைத்திருக்கிற எதுவும் கெட்டதாகத்தான் இருக்கும் என்று பழகிவிட்டது.

மறுநாள் காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். கூட்டம் இல்லை. சிரிப்பதற்கு ஆள் இல்லாததால்தான் போனேன். மீன் கூடம் வந்தது. அவள் கேட்டாள். பையன் நின்றான். அவள் திரும்பிக்கொண்டாள். கத்தி பலகையில் ஒரு தரம் விழுந்தது. பிறகு தாழ்ந்த குரலில், யாரிடமோ சொல்வதுபோல, மகனைப் பார்க்காமல் சொன்னாள்:

"எம்புள்ள நல்லா ஆடுவான். அதனாலதான் கேக்குறேன்."

அதற்குப் பிறகு படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் டோக்கியோவில் ஜெயித்தானா தோற்றானா என்பது இரண்டு தடவை பார்த்தும் எனக்குச் சரியாக நினைவில்லை. தோற்றான், ஆனால் நன்றாகத் தோற்றான் என்று அப்பா சொல்கிறார்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நான் சொன்னது. உன்னிடம் சொன்னதில்லை. அன்று கூடத்தில் நின்று போன் போட்டபோது, அந்த நிருபர் அலுத்துக்கொண்டு, "என்னம்மா, ஒரு பையனுக்காக என்னைய அவ்வளவு தூரம் அலைய விடுற? போகட்டும், பொய்யின்னு தெரிஞ்சா திரும்பி வந்துட்டுப் போறான்" என்றார். அப்போது நான் சொன்னேன்: "எம்புள்ள நல்லா ஆடுவான், சார். அதனாலதான் கேக்குறேன். ஆடத் தெரியாதவனா இருந்தா நானே பஸ் ஏத்தி விட்டுருப்பேன்." அவர் மறுநாளே போய்ப் பார்த்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. நான் அந்த வாக்கியத்தை வேறு யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. பிள்ளையை முகத்துக்கு நேராகப் புகழ்கிற வீட்டில் நான் வளரவில்லை, அப்படி ஒரு வீட்டை நடத்தவும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு செய்தியை உறுதி செய்ய இரண்டு சாட்சி வேண்டும் என்பேன். நீ அதைக் கேட்டிருக்கிறாய் என்பதற்கு இரண்டாவது சாட்சி தேவைப்படவில்லை. குழாய் எப்போது நின்றது என்று அன்று நான் கவனிக்கவில்லை. நான் பேசி முடிப்பதற்கு முன்னால் நின்றிருக்கிறது.

இத்தனை வருடம் நீ என் கேள்வியை மட்டும்தான் கேட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மௌனம் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நீ திருவிழாவுக்குப் போகாததையும், சென்னைக்குப் போனதையும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூப்பிடுவதையும். நீயோ இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டையும் வைத்திருந்திருக்கிறாய். பேசாத ஓர் அம்மாவின் முதுகு திரையில் வந்தபோது, அங்கே வைத்தாய். அதற்கு ஒப்புதல் வாங்க ஜப்பான்காரர்களிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அதையும் ஒரு நாள் கேட்பேன். இத்தனை வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பேன். நீ ஒளித்து வைத்தது இது என்றால், இன்னும் என்னவெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறாய் என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை.

கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் நின்றவர்கள் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அவன் என்னைக் கேலி செய்யவில்லை. நான் சொன்னது பிழை.

ஒன்று உன்னிடம் சொல்லாமல் செய்துவிட்டேன், கோபப்படாதே. நீ கொடுத்த விலாசத்தை விசாரித்தேன். டோக்கியோவில் கீரமங்கலத்துப் பையன் ஒருவன் வேலை பார்க்கிறான், அவன் அப்பாவை எனக்குத் தெரியும். லீவு நாளில் போய்ப் பார்க்கச் சொன்னேன். "அம்மா, எடம் இருக்கு. ரெண்டாவது மாடி. கதவுல பேரு இருக்கு" என்றான். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்றேன். "இருக்காங்கம்மா, ஞாயித்துக்கெழமையும் வேலை பாக்குறாங்க. வாசல்ல செருப்பு கெடக்கு." எத்தனை ஜோடி என்றேன். "அதெல்லாம் எண்ணலம்மா, என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க, வந்துட்டேன்" என்றான். ஆக, லாரிக் கொட்டகை இல்லை. இடம் உண்மை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்.

உன்னை எதற்கு எடுத்தார்கள் என்று போனில் கேட்டேன். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. காலைக் காட்சியில் பதிலைக் கேட்டுவிட்டேன்.

நீ நன்றாக எழுதுகிறாய். அதனால்தான் கேட்கிறேன். ஒப்பந்தத்தில் ஜப்பானிய மொழியில் இருக்கும் பக்கத்தை யார் உனக்கு வாசித்துச் சொன்னார்கள்? வாசித்துச் சொன்னவர் அவர்கள் ஆளா, உன் ஆளா? பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது சிரித்துக்கொண்டு கேட்டால், சிரித்துக்கொண்டே கொடுக்காதே. படத்தில் உன் பெயரைப் போடுவதாக வாயால் சொன்னார்களா, எழுத்தில் தந்தார்களா? ஒருவர் உன்னைப் புகழும்போது அவர் புகழ்வது உன் வலது காலையா, இல்லாத இடது காலையா என்று பார். உன்னை உண்மையாகப் பார்த்தவர் சரியான காலைச் சொல்வார். இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னதாக ஞாபகம் வைத்துக்கொள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, நான் திரும்பச் சொல்வேன்.

வியாழக்கிழமை அப்பாவும் நானும் திருச்சிக்கு வருகிறோம். என்னை எனக்குத் தெரியும். விமான நிலைய வாசலில் நின்று, பெட்டிக்கு ஏன் இந்தப் பூட்டு, அங்கே யார் கூப்பிட வருகிறார்கள், அவருக்கு உன்னை எப்படி அடையாளம் தெரியும் என்று ஏதாவது கேட்பேன். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். நீ பதில் சொல்வதற்குள் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அப்பாவிடம் கார் எங்கே நிற்கிறது என்று கேட்பேன். அப்போது உனக்கு என் முதுகுதான் தெரியும்.

அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று உனக்குத் தெரியும், தம்பி. நீளம் பார்க்காதே.

அம்மா